வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி:

மணப்பாறை பக்கம் ஒரு கிராமம். நான் பத்தாவது வரை படித்தவன், சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறேன். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 92, இயற்பியல் 80, வேதியியல் 78. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்க ஆசைப்படுகிறாள். சென்னையில் இருக்கும் என் மைத்துனர், கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதை எடுத்தாலும் வீண் என்கிறார். அங்கே பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசியும் வைத்திருக்கிறார். நன்கொடை மூன்று லட்சம். அதில் ஐம்பதாயிரத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் சீட் போய்விடுமாம். இதற்கிடையில் எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் உள்ள ஒரு கல்லூரிக்காரர்கள் இரண்டு தடவை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பஸ் இலவசம், லேப்டாப் இலவசம், 92 சதவீதம் பேருக்கு வேலை என்கிறார்கள். நிலத்தை அடகு வைத்தாவது நல்ல கல்லூரியில் சேர்க்கத் தயாராக இருக்கிறேன். எதில் சேர்ப்பது?

(பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்)

பதில்:

வெள்ளிக்கிழமை அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பணத்துக்கு ஒழுங்கான ரசீது கிடைக்காது. ரசீது இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் எந்தப் பிடியும் இருக்காது, வங்கியும் அதற்குக் கடன் தராது. முறையாகக் கட்டிய கட்டணத்துக்கு அப்படியில்லை. சேர்க்கை முடியும் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே விலகிக்கொண்டால், சிறு தொகை கழித்துக்கொண்டு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 'இந்த வாரத்தோடு சீட் முடிந்தது' என்ற பேச்சு, ரேங்க்படி அரசு இடம் ஒதுக்கும் கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள். கவுன்சலிங்கில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பெற்றோர் அவர்கள் பக்கமே போக மாட்டார்கள். அவசரம் அவர்களுக்குத்தான்.

மைத்துனருக்கு நான் எதிரி இல்லை. அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வாங்கப் போய்விட்டார்.

என்ன இருக்கிறது? கணிதம் 92, இயற்பியலில் பாதி 40, வேதியியலில் பாதி 39. ஆக 200-க்கு 171, கவுன்சலிங்குக்கு எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் இதுதான். அவமானப்படும் கட்-ஆஃப் இல்லை இது. இதை வைத்துக்கொண்டு போன வருடப் பட்டியலில் '171-க்கு எந்தக் கல்லூரி' என்று தேடாதீர்கள், எல்லோரும் செய்கிற தவறு அது. வினாத்தாள் எளிதாக வந்த வருடம் கட்-ஆஃப் எல்லாம் மேலே ஏறும், கடினமாக வந்தால் இறங்கும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் மகளுடைய ரேங்கையும், உங்கள் சமூகப் பிரிவுக்குள் அவளுக்கு எத்தனையாவது இடம் என்பதையும் எடுத்துக்கொண்டு, அதே ரேங்கில் போன வருடம் யாருக்கு எங்கே கிடைத்தது என்று பாருங்கள். அதுவும் துல்லியமில்லைதான், ஆனால் கட்-ஆஃபைவிட நம்பலாம்.

சலுகைகளில் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கானது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. யாராவது 'போட்டுப் பாருங்கள்' என்றால் போடாதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும். ஆனால் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உங்களுக்குப் பொருந்தும் போலத் தெரிகிறது. அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும். இந்தச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. அதாவது மைத்துனர் பேசிய சீட்டில் நன்கொடையும் போகும், சலுகையும் போகும். இன்னொன்று, புதுமைப்பெண் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் அந்தத் திட்டம் அரசுப் பள்ளி மாணவிகளோடு நிற்காமல், 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. ஆறாவதிலிருந்தே தமிழ்வழிதான் என்றால் சேர்ந்த கல்லூரியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இ.சி.இ.யா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்ற சண்டை. என் கட்சி மகள் பக்கம்.

ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் வளாகத்துக்கு வரும்போது பெரும்பாலும் எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை. அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) இருக்கிறதா, பத்தாவதிலிருந்து மதிப்பெண் எப்படி, கோடிங் தேர்வில் தேறினானா என்றுதான் பார்க்கும். இ.சி.இ. படித்தவர் அந்த வரிசையிலும் நிற்கலாம். சிப் வடிவமைப்பு, எம்பெடட் சிஸ்டம் (கருவிகளுக்குள் வைக்கும் சிறு கணினி) என்று தன் வரிசையிலும் நிற்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கு அந்த இரண்டாவது வரிசை அவ்வளவு எளிதில்லை. தவிர, ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தளர்த்திவிட்டது. பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் தொடர்பான இடங்களை அள்ளிப் போட்டன. இடத்தை ஒரே வருடத்தில் கூட்டிவிடலாம், அந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ஆசிரியரைக் கூட்ட முடியுமா? இஷ்டப்பட்ட பாடத்தில் சுமாரான கல்லூரியிலும் ஒரு பிள்ளை மேலே வந்துவிடும். கணக்குப் போட்டு யாரோ திணித்த பாடத்தில் இரண்டாம் செமஸ்டரிலேயே அரியர் விழும், பார்த்துச் சலித்துப்போன விஷயம் எனக்கு.

ஆனால் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இ.சி.இ. மேல் ஆசை எதனால் வந்தது? 'என் ஃபிரண்டு எடுக்கிறாள்' என்றால் இன்னொரு முறை உட்கார்ந்து பேசலாம். ரேடியோவைப் பிரித்துப் பார்த்தேன், ஆர்டுயினோ (சின்ன எலக்ட்ரானிக் போர்டு) வீடியோ பார்த்தேன் என்று எதையாவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

இப்போது 92 சதவீதத்துக்கு வருகிறேன். நான் பல வருடம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் இருந்தவன். ஃபிளெக்ஸ் பேனரில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும்.

என்.ஐ.ஆர்.எஃப். என்று மத்திய அரசின் தரவரிசை ஒன்று 2016-லிருந்து வருகிறது. பட்டியலில் கல்லூரி எத்தனையாவது இடம் என்பதை விடுங்கள். அதில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். முகப்பில் இருக்காது, அடியில் எங்காவது 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு ஒரு அட்டவணை வரும். அதில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்கள் 600, குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் 410, வேலை பெற்றவர்கள் 240, மேற்படிப்புக்குப் போனவர்கள் 30, மீடியன் சம்பளம் வருடத்துக்கு 3,20,000. (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் கணக்கு தனி, அதை இப்போதைக்கு விடுவோம்.)

இந்தக் கல்லூரி வாசலில் என்ன பேனர் தொங்கும் தெரியுமா? '92 சதவீத வேலைவாய்ப்பு'. பொய் என்று சொல்ல முடியாது. வேலைவாய்ப்புக்குத் 'தகுதியானவர்கள்' என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அரியர் இருப்பவன் இல்லை, பத்தாவதில் அறுபது சதவீதம் இல்லாதவன் இல்லை, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதவன் இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தால் 260 பேர் மிஞ்சுவார்கள். 260-ல் 240, தொண்ணூற்றிரண்டு சதவீதம். ஆனால் உங்கள் மகள் சேரப்போவது அந்த 260-ல் இல்லை, 600-ல். அந்தக் கணக்கில் அது நாற்பது சதவீதம்.

வேலை என்றால் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. ஒரே மாணவிக்கு மூன்று கம்பெனி ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணி '500 ஆஃபர்கள்' என்று போடுவது சர்வசாதாரணம். ஆகவே எத்தனை ஆஃபர் என்று கேட்காதீர்கள், எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பேனரில் படம் போட்டிருக்கும் அந்த நாற்பது லட்சம் சம்பளக்காரர் ஒருவர்தான். அவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் வாங்கியிருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது மீடியன். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம் அது. சராசரி என்று சொன்னால் ஏமாறாதீர்கள், மேலே நிற்கும் நான்கு பேர் சராசரியைத் தூக்கிவிடுவார்கள், மீடியனை அப்படித் தூக்க முடியாது.

அந்த அட்டவணை கல்லூரி மொத்தத்துக்கும் சேர்த்து. இ.சி.இ.க்கு மட்டும் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கல்லூரி தந்துவிடும். 'வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்' என்று சொல்லிவிட்டு அனுப்பாத கல்லூரியும் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாக் (NAAC) கிரேடு, என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம் என்று தரச் சான்றுகளைச் சொல்வார்கள். நாக் கல்லூரி மொத்தத்துக்கும் தருவது. என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ.வைக் காட்டி இ.சி.இ.க்கு ஆள் சேர்ப்பார்கள், எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று பாருங்கள். இரண்டு பேட்ச் படித்து வெளியே வந்த பிரிவுக்குத்தான் என்.பி.ஏ. கிடைக்கும். எனவே ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று நேற்று தொடங்கிய பிரிவுகளுக்கு அது இல்லாதது குற்றமில்லை, அதேநேரம் அவற்றுக்குக் காட்ட எந்தக் கணக்கும் இல்லை என்பதும் உண்மை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் வினாத்தாளும் திருத்தலும் அவர்களுடையது, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. ஆகவே அங்கே 95 சதவீதத் தேர்ச்சி என்பதையும், பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும் கல்லூரியின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. வீட்டுக்கு வந்த அந்தக் கல்லூரி அதில் எங்கே இருக்கிறது என்று மகளையே தேடச் சொல்லுங்கள்.

தேடிவிட்டு, நேரிலும் ஒரு தடவை போய்வாருங்கள். அவர்கள் காரில் கூட்டிப்போகிறேன் என்பார்கள், வேண்டாம். சாதாரண வேலைநாளில், சொல்லாமல், உங்கள் வண்டியில், மகளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏ.சி. செமினார் ஹாலையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, இ.சி.இ. லேபைக் காட்டச் சொல்லுங்கள். மேசை மேல் ஆசிலாஸ்கோப் இருக்கும், டிவி மாதிரி சின்னத் திரை உள்ள பெட்டி. அதில் புரோப் என்ற ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் இல்லாமல் உறை போட்டு மூடி வைத்திருந்தால் அது விருந்தாளிக்குக் காட்டும் பெட்டி. ஒயர் நைந்து, குமிழில் எழுத்து அழிந்து போயிருந்தால் சந்தோஷப்படுங்கள், பிள்ளைகள் தொட்டு வேலை செய்கிறார்கள். ஒரு கிட்டுக்கு எத்தனை பேர் என்று அங்கே இருக்கும் லேப் உதவியாளரிடம் கேளுங்கள், பேராசிரியரிடம் அல்ல.

ஆசிரியர்கள் விஷயம் இதைவிட முக்கியம். ஏ.ஐ.சி.டி.இ. கணக்குப்படி இருபது மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர். தாளில் எல்லாக் கல்லூரியும் அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்கும். 2024-ல், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் காட்டிய கூத்து தமிழ்நாட்டில் வெளியே வந்தது, அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. கல்லூரி இணையதளத்தில் இ.சி.இ. ஆசிரியர் பட்டியல் இருக்கும். நான்கைந்து பெயரைக் குறித்துக்கொண்டு போய், 'இவர் இன்று எந்த வகுப்பில் இருக்கிறார்?' என்று விசாரியுங்கள்.

அப்புறம் வெளியே வந்து பஸ் நிறுத்தத்திலோ டீக்கடையிலோ நில்லுங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். முதலாண்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, இறுதியாண்டுக்காரர்கள் கல்லூரியைத் திட்டுவார்கள் அல்லது நமக்கென்ன என்று இருப்பார்கள். 'படிப்பு நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு அங்கிள்' என்பதோடு முடிந்துவிடும். போன செமஸ்டரில் பாதியில் எத்தனை சார், மேடம் வேலையை விட்டுப் போனார்கள், எதற்கெல்லாம் ஃபைன் போடுகிறார்கள், பயிற்சிக்கு என்று தனியாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளிடம் மகளும் அவள் அம்மாவும் தனியாகப் பேசட்டும். ஹாஸ்டல், கழிப்பறை, புகார் கொடுத்தால் யார் கேட்கிறார்கள் என்பதெல்லாம் நாம் நின்றுகொண்டிருந்தால் வாயில் வராது.

இலவச பஸ் பற்றி ஒரு வார்த்தை. அது நாலு மணிக்குக் கிளம்பிவிட்டால் கல்லூரியும் நாலு மணிக்குக் காலி. லேபில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து எதையாவது செய்து பார்ப்பது, நூலகம், போட்டிகள் எல்லாம் அந்த நேரத்துக்குப் பிறகுதான் நடக்கும். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டப்போகும் பிள்ளைக்கு முதல் வருடத்தில் அந்த நேரம் ரொம்பத் தேவை. வெளியூரில் ஹாஸ்டல் வசதியுள்ள அரசுக் கல்லூரி கிடைத்தால் பெண்பிள்ளை என்று தயங்காமல் அனுப்புங்கள். உங்கள் பக்கத்திலேயே சேதுராப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரியும், திருச்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வளாகமும் இருக்கின்றன. பர்கூர், சேலம், திருநெல்வேலி, காரைக்குடி, கோவை அரசுக் கல்லூரிகளையும் பட்டியலில் வையுங்கள். கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. 171-க்கு இவற்றில் எது கிடைக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஆனால் கவுன்சலிங்கில் நீங்கள் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் போடாத கல்லூரி நிச்சயம் கிடைக்காது.

அந்தப் பட்டியலை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் போடலாம். எட்டாது என்று தோன்றும் கல்லூரியை முதலில் வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, ரேங்குக்கு முதலில் கிடைப்பதைத்தான் ஒதுக்குவார்கள். பெயரைப் பார்த்துப் போடாமல் கல்லூரியின் கவுன்சலிங் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் போடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. பி.எஸ்.ஜி. என்றே கோவையில் பீளமேட்டில் ஒன்று, நீலாம்பூரில் ஒன்று இருக்கின்றன. பட்டியலைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் ஒப்படைக்காதீர்கள். வீட்டில் தாளில் எழுதிக்கொண்டு போய், மகளே உட்கார்ந்து ஏற்றட்டும், பாஸ்வேர்டும் அவளிடமே இருக்கட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்' என்று சில தெரிவுகள் வரும். பட்டியலில் அதற்கு மேலே உள்ள கல்லூரிகளில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே இன்னும் நல்லது என்றால் இரண்டாவதை எடுங்கள். கையில் உள்ள இடமும் போகாது. 'வேண்டாம், அடுத்த சுற்று பார்க்கிறேன்' என்பதை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். பதில் சொல்லவும், பிறகு பணம் கட்டி நேரில் சேரவும் குறுகிய கெடுதான் தருவார்கள். அந்த நாட்களில் டிராக்டர் வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

நிலத்தை அடகு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒதுக்கீட்டு ஆணையோடு வங்கிக்குப் போனால் நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு மேலாளரைப் பாருங்கள். வாய்மொழியாக 'இல்லை' என்றால் எழுத்தில் கேளுங்கள். படிக்கும்போதும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது தனி வட்டி. முடிந்தால் அந்த வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவாருங்கள், படிப்பு முடித்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது சுமை குறைவாக இருக்கும். நன்கொடைக்கு என்று எடுத்துவைத்த பணம் ஏதாவது கையில் இருந்தால் அதில் மகளுக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்குங்கள். இலவசமாகத் தருவதாகச் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.